மருதமடுவுக்கு அடிக்கல் நாட்டிய பொன்ஜீன் ஆண்டகை



மருதமடுத் திருப்பதிக்கு ஒரு தடவையேனும் போகாத கத்தோலிக்கக் குடும்பம் எங்கள் யாழ்ப்பாணத்தில் மிக அரிது. ஆடித் திருவிழாவுக்கோ ஆவணித் திருவிழாவுக்கோ நீங்களும் போயிருப்பீர்கள். மரநிழலில் கல்லடுப்பு மூட்டிச் சமைத்திருப்பீர்கள். பிள்ளையின் நோய் தீர்ந்ததற்கு நேர்த்திக்கடன் செலுத்தியிருப்பீர்கள். காடு விலகி வெளி தெரியும் இடத்தில் கோயிலின் முகப்பைக் கண்டதும் கைகூப்பி, களைப்பெல்லாம் மறந்து நின்றிருப்பீர்கள்.

மருதமடு அன்னையின் வரலாற்றை எங்கள் பாட்டிமார் எங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த அன்னைக்குக் காட்டின் நடுவிலே இத்தனை பெரிய கோயிலைக் கட்டத் தொடங்கியவர் யார் என்று கேட்டால் மாத்திரம் எங்களில் அநேகர் தயங்கி நிற்போம். கொழும்பிலே பொன்ஜீன் வீதி என்று ஒரு வீதி உண்டு. அவ்வழியாகப் போய்வரும் ஆயிரக்கணக்கானோரிலும் அந்தப் பெயருக்குரியவர் யாரென அறிந்தவர்கள் மிகச் சிலரே. அந்தப் பெரியாரின் வாழ்க்கையையும், அவர் தொடங்கி வைத்த ஆலயத்தின் கதையையும் இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

பிரான்சிலிருந்து தமிழ் மண்ணுக்கு

கிறிஸ்தோப் பொன்ஜீன் 1823ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்தின் கிளெர்மோன் மேற்றிராசனத்தைச் சேர்ந்த றியோம் என்ற நகரில் பிறந்தார். 1846இல், தமது இருபத்துமூன்றாம் வயதில், குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே தாய்நாட்டை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். அந்நாளில் ஐரோப்பாவிலிருந்து வேதபோதகராகப் புறப்படும் ஓர் இளங்குரு, திரும்பி வந்து பெற்றோரின் முகத்தைக் காண்போம் என்ற எண்ணத்தோடு புறப்படுவதில்லை. சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஆபிரிக்காவைச் சுற்றி வரும் பாய்க்கப்பலில் வருவோர் மாதக்கணக்காகக் கடலிலே கிடக்க வேண்டும். கரை சேர்ந்தாலும் காய்ச்சலும் வாந்திபேதியும் காத்திருந்தன.

அவர் அனுப்பப்பட்ட இடம் தமிழ்நாட்டிலுள்ள கோயம்புத்தூர். பரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையாரின் கீழ் அந்த மிஷன் இயங்கியது. அதன் தலைவராக இருந்தவர் மரியோன் தே பிரேசியாக் ஆண்டகை. சுதேச குருக்களை உருவாக்குவதே வேதபோதகத்தின் முதற் கடமை என்று அழுத்தமாக நம்பியவர் அவர். பின்னர் பதவியைத் துறந்து, ஆபிரிக்காவுக்கென்று ஒரு சபையை நிறுவி, 1859இல் அந்தக் கண்டத்திலேயே காய்ச்சலால் உயிர்விட்டார். இப்படிப்பட்ட ஒருவரின் நிழலிலேதான் இளைஞரான பொன்ஜீன் சுவாமி தமிழ் மக்கள் மத்தியில் வாழப் பழகினார்.

கோயம்புத்தூரில் இருந்த காலத்திலே அவருக்கு அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த செமேரியா சுவாமியின் அறிமுகம் கிடைத்தது. 1847இன் இறுதியில் இலங்கையில் முதன்முதல் வந்திறங்கிய அச்சபைத் துறவிகளின் தலைவர் இவரே. வடக்கிலே குருக்கள் போதாமல் கோயில்கள் பாழடைந்து கிடப்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அந்த நட்பின் பலனாக 1856இல் பொன்ஜீன் சுவாமி அமலமரித் தியாகிகள் சபையிற் சேர்ந்தார். முப்பத்துமூன்று வயதில், பழகிய மிஷனையும் பழகிய நண்பர்களையும் விட்டு, புதிய சபையில் மீண்டும் நவசந்நியாசியாகத் தொடங்குவதற்கு மிகுந்த தாழ்ச்சி வேண்டும். அந்தத் தாழ்ச்சி அவரிடம் இருந்தது.

அவர் கண்ட திருச்சபை

அவர் வந்தபோது இங்கே இருந்த திருச்சபையின் நிலையை அறியாமல் அவர் செய்தவற்றின் பெறுமதியை நாம் அறிய முடியாது.

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரின் கையிலிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருக்கள் நாடுகடத்தப்பட்டனர். குருவை வீட்டில் மறைத்து வைப்பவருக்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்நாட்டிலே ஒரு கத்தோலிக்கக் குருவேனும் வெளிப்படையாகப் பணி செய்யவில்லை. 1687இல் கோவாவைச் சேர்ந்த புனித யோசேவ் வாஸ் அடிகள் பிச்சைக்காரக் கோலத்தில் வந்து சேர்ந்து, யாழ்ப்பாணத்தில் இரகசியமாகத் திருப்பலி நிறைவேற்றினார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவரும் அவர் வழிவந்த கோவாவின் ஓரட்டோரியன் குருக்களும் ஒன்றரை நூற்றாண்டு காலம் இந்த விசுவாச விளக்கு அணையாமற் காத்தார்கள். அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஐரோப்பியக் குருக்களின் பெருமையைப் பேசும்போது இந்தக் கடனை மறப்பது நன்றியன்று.

1796இல் ஆங்கிலேயர் ஆட்சிக்கு வந்தனர். 1806இல் தேசாதிபதி மெயிற்லன்ட் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கினார். அச்சம் போயிற்று, வறுமை போகவில்லை. மறுபுறம், 1814இல் வெஸ்லியன் மிஷனும் 1816இல் அமெரிக்கன் மிஷனும் வந்து, குடாநாடெங்கும் பாடசாலைகளை அமைத்தன. 1823இல் வட்டுக்கோட்டை செமினறி தோன்றியது. கல்வி கற்க விரும்பிய கத்தோலிக்கப் பிள்ளை அங்கே போக வேண்டும், அல்லது கல்வியின்றி இருக்க வேண்டும். பிற்காலத்தில் தனி மறை ஆட்சிப் பகுதியாக அமைந்த யாழ்ப்பாணத்துக்கு முதலில் பெத்தக்கீனி ஆண்டகையும், 1857 முதல் செமேரியா ஆண்டகையும் தலைவர்களாயினர்.

1868இல் செமேரியா ஆண்டகை இறைவனடி சேர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் இந்நாட்டிலே வேதபோதகராக உழைத்திருந்த பொன்ஜீன் சுவாமி அவருடைய இடத்துக்கு நியமிக்கப்பட்டார். யாழ்ப்பாணத்தின் அப்போஸ்தலிக்க விக்காராக, நாற்பத்தைந்து வயதிலே, மேற்றிராணியார் பதவியை ஏற்றார்.

ஆயர் வருமுன் இருந்த மருதமடு

இனி மருதமடுவுக்கு வருவோம். மாதாவின் சுரூபம் ஆதியில் இருந்த இடம் மன்னாரை அடுத்த மாந்தை. 1544இல் சங்கிலி மன்னன் காலத்தில் விசுவாசத்துக்காக நூற்றுக்கணக்கானோர் இரத்தம் சிந்திய மன்னார்ப் பகுதி அது. ஒல்லாந்தர் காலத்துத் துன்பங்கள் மிகுந்தபோது, 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த இருபது குடும்பங்கள் அந்தச் சுரூபத்தை எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடின என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த வரலாறு. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்த கத்தோலிக்கரும் அங்கே அவர்களோடு சேர்ந்தனர். மருத மரங்களும் நீர் மடுவும் இருந்த ஓர் இடத்திலே அவர்கள் தங்கினார்கள். போர்த்துக்கேயத் தளபதி ஒருவரின் மகளான எலேனா என்னும் பக்தியுள்ள பெண் அங்கே முதற் கோயிலைக் கட்டினாள் என்றும் அதே மரபு கூறுகிறது.

வாசகர்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். இந்த வரலாற்றிலே மேற்றிராணியார் இல்லை. குருவானவர் இல்லை. பணம் கொடுத்த பிரபுக்கள் இல்லை. ஓடிப்போன குடும்பங்கள் மாத்திரமே உண்டு. வீட்டுச் சாமான்களிலே எதை எடுப்பது, எதை விடுவது என்று தவிக்கும் வேளையில் அவர்கள் மாதாவின் சுரூபத்தை எடுத்தார்கள். திருப்பலி இல்லாத ஆண்டுகளிலே செபமாலை சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஞானோபதேசத்தை வாயாற் சொல்லிக் கொடுத்தார்கள். மருதமடுவின் முதல் அடிக்கல் அந்தக் குடும்பங்களின் விசுவாசமே.

காலப்போக்கிலே அந்தத் தலத்தின் கீர்த்தி பரவியது. நச்சுப் பாம்புகள் நிறைந்த அக்காட்டிலே, மடு மாதாவின் மண் பாம்புக் கடிக்கு மருந்து என்ற நம்பிக்கை மக்களிடையே வேரூன்றிற்று. தமிழரும் சிங்களவரும் வந்தனர். கத்தோலிக்கர் மாத்திரமன்றிச் சைவரும் பௌத்தரும் வந்து அந்த மண்ணைத் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டு போயினர். இத்தனைக்கும் அங்கே இருந்தது ஒரு சிறிய கோயிலே.

1872

பொன்ஜீன் ஆண்டகை அந்தச் சிறிய கோயிலின் இடத்திலே பெரிய ஆலயம் ஒன்றை எழுப்பத் தீர்மானித்தார். 1872ஆம் ஆண்டில் அதற்கு அடிக்கல் நாட்டினார்.

இன்று இது நமக்கு இயல்பான காரியமாகத் தோன்றும். அன்று அப்படியன்று. அந்த ஆலயம் எழ வேண்டிய இடத்தைச் சற்று மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். சுற்றிலும் பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காடு. யானையும் கரடியும் நடமாடும் பாதை. மழை பெய்தால் வண்டிச் சில்லுப் புதையும் சேறு. மழை பெய்யாவிட்டால் குடிநீருக்கே தவிப்பு. வன்னிக் காய்ச்சல் என்று அஞ்சப்பட்ட மலேரியாவுக்கு அக்காலத்திலே கொய்னாவைத் தவிர வேறு பரிகாரம் இல்லை. புகையிரதம் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து மாட்டு வண்டியில் புறப்படுவோர் அரிசி, தேங்காய், சட்டி பானை யாவற்றையும் ஏற்றிக்கொண்டு, இரவிலே கூட்டமாகத் தங்கி, நாட்கணக்காகப் பயணம் செய்தனர். அத்தகைய இடத்துக்குக் கட்டடப் பொருளும் கைவினைஞரும் போய்ச் சேர வேண்டும். அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கிடைக்க வேண்டும்.

நியாயமான ஒரு கேள்வி இங்கே எழும். பட்டினத்திலே பாடசாலைகளுக்குப் பணம் போதவில்லை. கிராமத்துக் கோயில்கள் பலவற்றுக்கு ஓலைக் கூரையே இருந்தது. இந்நிலையில், ஆண்டிலே சில நாட்கள் மாத்திரம் மக்கள் கூடும் ஒரு காட்டுக்குள்ளே பெரிய ஆலயம் எதற்கு? இன்றைக்கும் ஒரு கோயில் கட்ட முனையும் ஒவ்வொரு பங்கிலும் எழுகின்ற கேள்விதான் இது. அது விசுவாசமற்றவர்களின் கேள்வி என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. ஏழைகளின் காசிலே கட்டப்படும் கோயிலைப் பற்றி ஏழைகளின் சார்பிலே கேட்கப்பட வேண்டிய கேள்வி அது.

ஆண்டகையின் பதிலை அவருடைய செயல்களிலே நாம் காணலாம். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி, கோயிலுக்குக் கோயில் பிரிந்து கிடந்த மக்கள் ஒரே இடத்திலே கூடுவது மருதமடுவில் மாத்திரமே. கரையூரான் வலை போட்ட கையோடும், தீவகத்தான் பனங்கட்டிக் குட்டானோடும், மன்னாரான் கருவாட்டு மூட்டையோடும், சிலாபத்துச் சிங்களவன் தன் குடும்பத்தோடும் அங்கே ஒரே மரத்தடியில் படுத்துறங்கினர். அந்தக் கூட்டத்துக்கு ஒரு தகுதியான வீடு தேவைப்பட்டது. எங்கும் சிதறி வாழும் ஒரு மக்களைத் தாங்கள் ஒரே குடும்பம் என்று உணரச் செய்ய அதைவிடச் சிறந்த வழி இல்லை. அதற்காகப் பட்டினத்துப் பாடசாலைகளையும் அவர் கைவிட்டு விடவில்லை.

பள்ளிக்கூடமும் பத்திரிகையும்

பொன்ஜீன் ஆண்டகை கோயில் கட்டியவர் என்று மாத்திரம் சொன்னால் அவருடைய வாழ்விலே பாதியைச் சொல்லாமல் விட்டவர்களாவோம். கத்தோலிக்கக் கல்விக்காக இந்நாட்டிலே முதன்முதல் எழுத்தாலும் வாதத்தாலும் பெரும் போராட்டம் நடத்தியவர் அவரே.

அக்காலத்தில் அரசாங்கத்தின் கல்வி நிதி பெரும்பாலும் புரட்டஸ்தாந்து சபைகளின் செல்வாக்குக்கு உட்பட்ட பாடசாலைகளுக்கே போயிற்று. வரி எல்லோரிடமிருந்தும் வாங்கப்பட்டது. ஆனால் தன் பெற்றோரின் வேதத்தோடு கல்வி கற்கும் உரிமை எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. அரசாங்கம் ஒரு சமயத்தின் பக்கம் சாயாமல், எந்தச் சமயத்தார் நடத்தும் பாடசாலையாயினும் அங்கே உலகக் கல்வி ஒழுங்காகப் புகட்டப்படுமானால் அதற்கேற்ப உதவி வழங்க வேண்டும் என்பதே ஆண்டகையின் வாதம். துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். சேர் றிச்சாட் மோர்கன் தலைமையில் 1865இல் அமைக்கப்பட்ட கல்வி விசாரணைக் குழுவுக்கும் தம் கருத்துக்களைச் சமர்ப்பித்தார். அந்தக் குழுவின் அறிக்கை 1867இல் வெளியாயிற்று. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றியது. 1870 முதல் சமயச் சார்பான பாடசாலைகளுக்கும் உதவி நன்கொடை கிடைக்கலாயிற்று.

இந்த ஏற்பாட்டினால் பயன்பெற்றவர்கள் கத்தோலிக்கர் மாத்திரமல்லர். பின்னாளிலே சைவ, பௌத்த பாடசாலைகளும் அதே வழியிலே உதவி பெற்று வளர்ந்தன. பொன்ஜீன் ஆண்டகைக்கு ஒரு வயது மூத்தவரான ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப் பாடசாலை ஒன்றைத் தொடங்கியிருந்தார். கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய நாவலரும், கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்த ஆண்டகையும் சமயத்தில் இரு துருவங்கள். ஆயினும் ஒரு பிள்ளை தன் குடும்பத்தின் நம்பிக்கையிலே நின்றுகொண்டு கல்வி பெற வேண்டும் என்ற ஒரு காரியத்தில் ஒரே ஊரிலே, ஒரே காலத்திலே, இருவரும் தத்தம் வழியில் உழைத்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

யாழ்ப்பாணத்திலே 1850இல் தொடங்கப்பட்ட கத்தோலிக்க ஆண்கள் பாடசாலை வளர்ந்து, 1881இல் புனித பத்திரிசியார் கல்லூரி என்று பெயர் பெற்றது அவர் காலத்திலேதான். பெண் கல்விக்கென 1862இல் வந்த திருக்குடும்பக் கன்னியர்களின் பணியும் அவர் காலத்திலே விரிந்தது. 1876இல் யாழ்ப்பாணத்திலிருந்து கத்தோலிக்கப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியதும் அவருடைய ஆட்சியின் கீழேயே. ஆங்கிலத்தில் கத்தலிக் கார்டியன் என்றும் தமிழில் சத்திய வேத பாதுகாவலன் என்றும் அது பெயர் பெற்றது. காட்டிலே கோயில், பட்டினத்திலே பள்ளிக்கூடம், வீட்டுக்கு வீடு பத்திரிகை! மூன்றும் வெவ்வேறு வேலைகள் போலத் தோன்றும். ஆனால் மூன்றின் நோக்கமும் ஒன்றே. இரு நூற்றாண்டுகளாக மறைந்து வாழப் பழகிய ஒரு மக்கள், இனி நிமிர்ந்து, கற்று, கூடி, வெளிப்படையாக வாழ வேண்டும் என்பதே அந்த நோக்கம்.

முடியாத வேலையை விட்டுச் செல்லுதல்

1883இலே ஆண்டகைக்கு றோமாபுரியிலிருந்து மாற்றம் வந்தது. கொழும்புப் பகுதியை அமலமரித் தியாகிகள் பொறுப்பேற்க வேண்டும், அதற்கு அவரே தலைவராகச் செல்ல வேண்டும் என்பது பாப்பரசரின் சித்தம். அந்த ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே பெருங் கலகம் நடந்து, இரு சமூகங்களும் மனக்கசப்பிலே ஆழ்ந்திருந்த வேளை அது. அறுபதாவது வயதிலே, சொந்த வீடாகிவிட்ட யாழ்ப்பாணத்தை விட்டு, மொழியும் மக்களும் வேறான ஓர் இடத்துக்கு அவர் புறப்பட்டார்.

மருதமடு ஆலயம் அப்போது நிறைவு பெறவில்லை. அடிக்கல் நாட்டியவர் முகப்பைக் காணாமலே போக வேண்டியதாயிற்று.

1886இலே பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் இலங்கையிலே முறையான மேற்றிராசனங்களை நிறுவினார். கொழும்பு அதிமேற்றிராசனமாயிற்று, பொன்ஜீன் ஆண்டகை அதன் முதலாவது அதிமேற்றிராணியார் ஆனார். யாழ்ப்பாணமும் அவ்வேளையிலே மேற்றிராசனமாக உயர்ந்தது. மெலிசான் ஆண்டகை அதன் ஆயரானார். கொழும்பிலும் பொன்ஜீன் ஆண்டகை ஓய்ந்திருக்கவில்லை. பாடசாலைகளுக்காகவும் குருக்களின் பயிற்சிக்காகவும் கடைசிவரை உழைத்தார். 1892ஆம் ஆண்டு ஆவணி 3ஆம் நாள் கொழும்பிலே உயிர்நீத்தார். அறுபத்தொன்பது ஆண்டு வாழ்க்கையிலே நாற்பத்தைந்து ஆண்டுகள் நமது மண்ணிலும் இந்திய மண்ணிலும் கழிந்தவை.

பின்வந்தவர்கள்

ஆனால் வேலை நின்றுவிடவில்லை. அவருக்குப் பின் வந்த ஆயர்களும், காட்டிலே கிடந்து காய்ச்சல் பட்ட குருக்களும், பெயர் எழுதி வைக்கப்படாத கொத்தர்களும் தச்சர்களும், நெல்லும் காசும் கொடுத்த குடும்பங்களும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். முகப்பு எழுந்தது. குருமனை விரிந்தது. திவ்விய நற்கருணைச் சிற்றாலயமும் லூர்து கெபியும் உண்டாயின. 1914இலே மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. மடு றோட் என்ற நிலையத்திலே இறங்கும் யாத்திரிகர் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகிற்று.

புறோ ஆண்டகை மடு மாதாவுக்கு முடிசூட்டுவதற்கு றோமாபுரியின் அனுமதியை வேண்டினார். பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் இசைந்தார். 1924ஆம் ஆண்டு ஆடி 2ஆம் நாள் பாப்பரசரின் பெயரால் அன்னைக்கு முடி சூட்டப்பட்டது. கியோமார் ஆண்டகை யாழ்ப்பாணத்தின் ஆயராயிருந்த 1944இலே, உலகப் போர் நடந்துகொண்டிருந்த நெருக்கடியான காலத்திலும், சுமார் 30,000 பேர் கூடியிருக்க ஆலயம் அபிஷேகம் செய்யப்பட்டது. அடிக்கல் நாட்டப்பட்டதற்கும் அபிஷேகத்துக்கும் இடையே எழுபத்திரண்டு ஆண்டுகள்! அடிக்கல் நாட்டிய நாளிலே தந்தையின் தோளிலிருந்து பார்த்த குழந்தை உயிரோடிருந்தால், அபிஷேகத்தின்போது அதற்கு எழுபத்தைந்து வயதாகியிருக்கும்.

1981இலே மன்னார் தனி மறைமாவட்டமாயிற்று. மருதமடுவும் அதன் எல்லைக்குள் அடங்கியது. ஆனால் யாழ்ப்பாணத்து மக்களுக்கு மடு மாதா அந்நியமாகவில்லை.

அடைக்கலமான வீடு

இனி வருவது வாசகர்களிலே பலர் கண்ணாற் கண்ட வரலாறு. 1990க்குப் பின் போர் வடக்கை விழுங்கியபோது, இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மருதமடுவுக்கு ஓடிவந்தன. கோயில் வளவெங்கும் கொட்டில்கள் முளைத்தன. அந்த மரங்களின் கீழே பிள்ளைகள் பிறந்தார்கள், படித்தார்கள், முதியவர்கள் இறந்தார்கள். ஆண்டிலே சில நாட்கள் மாத்திரம் மக்கள் கூடுமிடம் ஆண்டு முழுவதும் அகதிகளின் ஊராயிற்று. 1670இலே ஓடிவந்த குடும்பங்களின் கதை மீண்டும் நடந்தது.

1999ஆம் ஆண்டு கார்த்திகை 20ஆம் நாளிரவு, அடைக்கலம் புகுந்திருந்த அந்த மக்கள் மத்தியிலே எறிகணைகள் வீழ்ந்து வெடித்தன. பிள்ளைகள் உட்படச் சுமார் 40 பேர் மாண்டனர். அந்த இரவை நாம் மறக்கலாகாது. 2008 சித்திரையிலே சண்டை கோயிலை நெருங்கியபோது, குருக்கள் மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். முந்நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அன்னை மீண்டும் அகதியானாள். அதே ஆண்டு ஆவணியிலே சுரூபம் திரும்பி வந்தது. 2015 தை 14ஆம் நாள் காலை கொழும்பிலே யோசேவ் வாஸ் அடிகளைப் புனிதராகப் பிரகடனம் செய்த பிரான்சிஸ் பாப்பரசர், அன்று பிற்பகலிலேயே மருதமடுவுக்கு வந்து, போரிலே உறவுகளை இழந்த தமிழரும் சிங்களவரும் ஒன்றாகக் கூடியிருக்க அந்த அன்னையின் முன் செபித்தார்.

காட்டுக்குள்ளே இத்தனை பெரிய கோயில் எதற்கு என்ற கேள்வியை இப்போது மறுபடியும் நினைத்துப் பாருங்கள். 1872இலே அடிக்கல் நாட்டியவருக்கு 1990 தெரியாது. தாம் நாட்டும் கல்லின் மேல் எழும் சுவர்களுக்குள்ளே, நூற்றுப்பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் வீடிழந்த மக்கள் வந்து உயிர் ஒதுக்குவார்கள் என்று அவர் எண்ணியிருக்க முடியாது. ஏழைகளின் காசிலே கட்டிய கோயில் ஏழைகளுக்கு வீடாயிற்று. கோயில் கட்டுவது சரியா என்ற கேள்விக்குக் கோயிலின் அளவிலே விடை கிடைக்காது. நாளைக்கு அதன் கதவு யாருக்குத் திறக்கும் என்பதிலேதான் விடை உண்டு. யாருக்கும் திறவாத அழகிய கோயிலைக் கட்டினால் அந்தக் கேள்வி நம்மைக் கடைசிவரை குற்றஞ்சாட்டும்.

நமக்கு விட்டுச் சென்றது

பொன்ஜீன் ஆண்டகை அந்நிய தேசத்தவர். ஐரோப்பியர் ஆண்ட ஒரு காலத்தின் மனிதர். அவருடைய காலத்தின் குறைகள் அவரிடமும் இருந்திருக்கும். அவரைப் பீடத்திலே ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் அவரிடமிருந்து நமது குடும்பங்கள் கற்க வேண்டிய ஒன்று உண்டு. தாம் முடித்து வைக்க முடியாத வேலையைத் தொடங்க அவர் அஞ்சவில்லை. அதைப் பிறர் கையிலே விட்டுச் செல்லவும் தயங்கவில்லை.

இன்று நாம் தொடங்குகின்ற எதற்கும் உடனே பலன் காண விரும்புகிறோம். வீடு கட்டினால் நம் பெயர் பதிக்க வேண்டும். கோயிலுக்கு ஒரு மின்விசிறி கொடுத்தாலும் அதன் இறகிலே பெயர் எழுதுகிறோம். பிள்ளைக்குச் செபம் சொல்லிக் கொடுத்து, அது மூன்று நாளிலே பாடமாகவில்லையென்றால் சலித்துப் போகிறோம். இப்போது நம் பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்கிறார்கள். தமிழிலே செபமாலை சொல்வார்களா, மடு மாதாவை அறிவார்களா என்று ஏங்குகிறோம். அந்த ஏக்கம் நியாயமானது. ஆனால் மாந்தையிலிருந்து ஓடிய அந்தத் தாய்மாருக்கும் தங்கள் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று தெரியாது. அவர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். சுரூபத்தைச் சுமந்தார்கள், செபத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். இரு நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த ஓர் ஆயர் அதன்மேல் கல் வைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் சுவர் எழுப்பினார்கள்.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டிலே இன்றிரவு செபமாலைக்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்கி, மருதமடுவின் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தொலைவிலுள்ள பேரப்பிள்ளைகளுக்குத் தொலைபேசியிலே சொல்லுங்கள். அடுத்த ஆடியிலோ ஆவணியிலோ மடுவுக்குப் போகும்போது, மாதாவின் முன்னே உங்கள் வேண்டுதல்களைச் சொன்ன பின்னர், அந்தச் சுவரிலே ஒரு தரம் கை வைத்து, அதை எழுப்பிய எல்லோருக்காகவும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். 1670இலே ஓடிய குடும்பங்களுக்காகவும், எலேனாவுக்காகவும், பெயர் தெரியாத கொத்தர்களுக்காகவும், 1999இலே அங்கே மாண்டவர்களுக்காகவும், றியோம் நகரிலே பிறந்து கொழும்பிலே கண்மூடிய அந்த ஆயருக்காகவும்.